நாலு சக்கரத்துக்கு நாலு பழம்

எலுமிச்சம்பழம் வைக்காததால்தான் வண்டி கவிழ்ந்தது என்று ஆதவன் டயர்ஸ் கேன்டீனில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பொறியியல் படித்தவன், படிக்காதவன், இட்லி வைக்கிறவன், இட்லி தின்கிறவன் என்ற வித்தியாசமே இல்லை. செங்கொடி தட்டை எடுத்துக்கொண்டு மூலை மேசைக்குப் போனாள். இந்தக் கும்பலோடு பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியாயிற்று, இன்னும் இவர்களைப் பார்த்து ஆச்சரியப்படுவது தன் தப்புதான் என்று நினைத்துக்கொண்டாள்.

கவிழ்ந்தது மார்க்கண்டேயா மாட்டிய வண்டி. காற்று போனாலும் ஓடுகிற டயருக்கு மார்க்கெட்டிங் ஆட்கள் வைத்த பெயர் அது. ஊருக்கு மேலே தூண்களில் நிற்கும் விரைவுச் சாலைகள் வந்த பிறகு, வண்டியை ஓரமாக நிறுத்த ஓரமே கிடையாது. நின்றால் பின்னால் வருகிறவன் ஏற்றிவிடுவான். அதனால் புது வண்டிகளில் ஸ்டெப்னி வைக்கும் வழக்கத்தையே அரசாங்கம் ஒழித்துவிட்டது. காற்று போன டயரிலேயே அடுத்த இறக்கம் வரை ஓட்டிப் போய்விட வேண்டும் என்பது சட்டம். மார்க்கண்டேயாவின் பக்கச்சுவருக்குள் கூழ் மாதிரி ஒரு பொருள் இருக்கும். காற்று போனதும் அதில் கொஞ்சம் மின்சாரம் பாயும், கூழ் கட்டையாக இறுகும், வண்டி அதன் மேல் ஓடும்.

எப்போது இறுக வேண்டும் என்று முடிவு செய்வது டயருக்குள் இருக்கும் சிப். காற்று குறைந்தால் இறுக்கு என்று ஒரே வரியில் எழுதித் தொலைத்திருக்கலாம். செங்கொடி அப்போதே அதைச் சொன்னாள். ஆனால் ஒருமுறை இறுகிய டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். வெயிலுக்கும் பள்ளத்துக்கும் காற்று ஏறி இறங்கும்போதெல்லாம் இறுகிக்கொண்டால், வாங்கியவன் கம்பெனி வாசலில் வந்து நின்று கத்துவான். எது நிஜமான வெடிப்பு, எது வெறும் குலுக்கல் என்று சிப்பே பார்த்துப் படித்துக்கொள்ளட்டும் என்று துணைத்தலைவர் கிரிதரன் தீர்மானித்தார். 'படிக்கும் டயர்' என்று விளம்பரப் பலகையில் போட்டால் நன்றாக இருக்கும் என்பதைத் தவிர அவருக்கு அதில் வேறொன்றும் தெரியாது.

அப்படித்தான் சிப்பைப் படிக்க வைத்தார்கள். ஓரகடம் சோதனைப் பாதையில் டயரைக் கிழித்துக் கிழித்து ஓட்டினார்கள். ஊழியர்களின் சொந்தக் கார்களில் மாட்டி, கிழிக்காமல் சாதாரணமாகவும் ஓட்டினார்கள். பாதையில் ஓட்டியவர்களில் மூத்தவர் லூர்துசாமி. வியாசர்பாடிக்காரர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற வேதக்காரர். ஆனாலும் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். "ஃபாதருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு மேடம். ஆனா ஃபாதரா வந்து ஓட்டப்போறாரு?" என்பார்.

செங்கொடிக்கு அந்தப் பழத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் அப்பா தொழிற்சங்கத்துக்காரர், சாமி படம் இல்லாத வீட்டில் அவளை வளர்த்தவர். சோதனைப் பிரிவின் தலைவியான பிறகும் அவளால் அந்தப் பழத்தை ஒழிக்க முடியவில்லை, பாதையில் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் ஒரே கட்சி. ஆனால் விற்பனை தொடங்கிய கையோடு நடத்திய காட்சி ஓட்டத்தன்று அவளுக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. வெளிநாட்டுப் பங்குதாரர்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். லூர்துசாமி பழங்களோடு குனிந்தார். "எடுங்க அதை. நான் செஞ்ச டயர் பழத்துக்குப் பிச்சை எடுக்கல" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். கிரிதரன் சிரித்தார். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்களும் சிரித்தார்கள். லூர்துசாமி பழங்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினார்.

முதல் வளைவில் முன் டயரைக் கிழித்தார்கள். டயர் இறுகவில்லை. வண்டி மூன்று குட்டிக்கரணம் போட்டுத் தடுப்புச் சுவரில் போய் விழுந்தது. லூர்துசாமியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாளே கிரிதரன் அவளைக் கூப்பிட்டார். மேசையில் பூங்கொத்து இருந்தது, வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப் போனது. அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார்.

"கொடி, டிரைவர் பயந்து போய் பிரேக்கை மிதிச்சிருக்கான். அதான் டயர் கன்ஃப்யூஸ் ஆயிடுச்சு. நீ டெஸ்டிங் ஹெட், நீ சொன்னா நம்புவாங்க. ஒரு கையெழுத்துப் போட்டுடு."

"அவர் பிரேக்கைத் தொடவே இல்ல சார். வண்டியோட பதிவு அப்படியே இருக்கு."

"பதிவை யார் பார்க்கறா? ஆள் குடிச்சிருந்தான்னு வேற பசங்க பேசிக்கறாங்க."

"எந்தப் பசங்க?"

"அட, பேசிக்கறாங்கன்னு சொன்னேன்."

அந்தப் பேச்சை யார் கிளப்பிவிட்டது என்று கேட்கத் தேவையில்லை. அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அது பரவிவிட்டது. குடித்துவிட்டு வண்டியைக் கவிழ்த்தவன் என்று லூர்துசாமியின் படம் எல்லார் கைப்பேசியிலும் வந்தது. போலீஸ் அலட்சியமாக ஓட்டியதாக வழக்கு எழுதியது. வழக்கு இருக்கும்வரை சிகிச்சைச் செலவைக் கம்பெனி ஏற்காது என்று ஆஸ்பத்திரிக்குத் தகவல் போனது. கால் போனவன் மேலேயே பழியையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வதற்கு இவர்களுக்கு ஒரு பொழுதுகூடத் தேவைப்படவில்லை.

செங்கொடி கையெழுத்துப் போடவில்லை, அவகாசம் கேட்டாள். விபத்தில் கிழிந்த டயரின் சிப்பைக் கழற்றிப் பார்த்தாள். காற்று போனது அதற்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், இது வெடிப்பு இல்லை என்று முடிவு செய்திருக்கிறது. ஏன் என்றுதான் புரியவில்லை. அதே சிப்பை வேறு டயரில் பொருத்தி ஆய்வகத்து உருளையில் ஓடவிட்டுக் கிழித்தாள். அழகாக இறுகியது. இன்னொரு டயர், அதுவும் இறுகியது. ஒரு வாரம் இப்படியே போனது. உருளையை இயக்குகிற பாக்கியம், "இன்னும் எத்தனை டயரைம்மா கொல்லப்போறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

பாக்கியம் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம், பொறுமை இல்லாமல் செங்கொடியே உருளையை இயக்கினாள். கிழித்தாள். டயர் தொளதொளவென்று சரிந்தது. வாயில் போட்ட பிஸ்கட்டை மெல்ல மறந்து நின்றாள். மறுபடி செய்தாள், மறுபடியும் சரிந்தது. பாக்கியம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா, நீங்களே போட்டுட்டீங்களா?"

"நீ போடு. எப்பவும் எப்படிப் போடுவியோ அப்படிப் போடு."

பாக்கியம் புதுடயரை மாட்டினாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, டயருக்கும் உருளைக்கும் நடுவில் செருகினாள்.

"இது என்ன?"

"பழம்மா. டிராக்ல வைக்கிறாங்க, இங்க வைக்க வேணாமா? எந்திரமாச்சே, கை மாட்டினா போச்சு. நீங்க திட்டுவீங்கன்னு, நீங்க கம்ப்யூட்டர் பார்க்கறப்போ வைப்பேன்."

டயர் இறுகியது.

செங்கொடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. டயரைக் கிழித்த ஓட்டம் ஒவ்வொன்றிலும் முதலில் பழம் நசுங்கியிருக்கிறது. ஊழியர்களின் கார்களில், கிழிக்காமல் ஓட்டியபோது, பழம் இல்லை. சிப்புக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா? காற்றையும் வேகத்தையும் அளந்து மண்டையை உடைத்துக்கொள்வானேன்? கிளம்பும்போது சக்கரத்துக்கடியில் மெத்தென்று ஒன்று நசுங்கினால் இன்றைக்கு வெடிக்கும், தயாராக இரு. நசுங்காவிட்டால் எது நடந்தாலும் வெறும் குலுக்கல்தான். கோடிக்கணக்கில் கொட்டிப் படிக்க வைத்ததில் அது படித்துக்கொண்டது இதைத்தான். படித்தவர்கள் இத்தனை பேர் சேர்ந்து உலகத்திலேயே மூடநம்பிக்கை பிடித்த முதல் டயரைச் செய்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த டயருக்கு அவளால் பழம் கிடைக்காமல் போன ஒரே நாளில் லூர்துசாமியின் கால் போயிருக்கிறது.

கிரிதரனையும் கம்பெனி வக்கீல் சம்யுக்தாவையும் ஆய்வகத்துக்கு அழைத்து வந்து காட்டினாள். பழம் வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று. கிரிதரன் இரண்டு தடவை செய்யச் சொன்னார். மூன்றாவது தடவை அவரே பழத்தைச் செருகினார்.

"பிரமாதம்" என்றார். பிறகு, "பிரமாதம் இல்ல, சே. போன மாசமே விற்பனையைத் தொடங்கிட்டோமே!" என்றார்.

"அதைத்தான் சொல்றேன் சார். வித்த டயர் எல்லாத்தையும் திரும்ப வாங்கணும். சிப்பை மாத்தணும்" என்றாள் செங்கொடி.

சம்யுக்தா தன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள். "சிப்பை மாத்தினா நாம தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி மேடம். அதுவே, வண்டி எடுக்கும்போது பழம் வைங்கன்னு சொன்னா, அது பண்பாடு. அதுக்கு எந்த அனுமதியும் வேண்டாம். கையேட்டுல முதல் பக்கத்துல போட்டுடலாம். கோலம் போட்ட பார்டரோட."

செங்கொடி அவளையே பார்த்தாள். விளையாடுகிறாளோ என்று பார்த்தாள். விளையாடவில்லை.

"வைக்காதவங்க?"

"நாங்க சொல்லியிருக்கோமே. கேட்கலைன்னா அவங்க பொறுப்பு." சம்யுக்தா தொடர்ந்தாள். "அந்த டிரைவர் விஷயத்துலயும் இது வசதி. பழம் வைக்கிறது நம்ம நடைமுறை. அன்னிக்கு அதை மீறினது அவர் இல்ல, நீங்க. அப்படின்னு நீங்க எழுதிக் கொடுத்துட்டா அவர் மேல கேஸே நிக்காது. ஆஸ்பத்திரிச் செலவு, வாழ்நாள் பென்ஷன் எல்லாம் கொடுத்துடலாம். நீங்க ராஜினாமா பண்ணிடணும். வெளியில பேசக் கூடாது. அரசாங்க விசாரணையில மட்டும், கேட்டதுக்குப் பதில் சொன்னா போதும்."

"எழுதலைன்னா?"

"அவர் குடிச்சிருந்தார்" என்றார் கிரிதரன்.

இரண்டு நாள் செங்கொடி கணக்குப் போட்டுப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டால் லூர்துசாமி பிழைத்தார், ஆனால் முகம் தெரியாத ஆயிரம் பேர் அந்த டயர்களின் மேல் மேம்பாலத்தில் போய்க்கொண்டிருப்பார்கள். போடாவிட்டால் லூர்துசாமி ஒற்றைக் காலோடு குடிகாரப் பட்டத்தோடு கோர்ட்டுக்கு அலைய வேண்டும், அப்போதும் டயர் விற்றுக்கொண்டுதான் இருக்கும். இந்த ஆட்களோடு பேரம் பேசும் நிலைக்கு வந்துவிட்டோமே என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டாள். சோதனைப் பிரிவின் தலைவியாகிய நான் எலுமிச்சம்பழத்தை அகற்றியதே விபத்துக்குக் காரணம் என்று தன் பெயருக்குக் கீழே படித்தபோது, அப்பா உயிரோடு இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள்.

விபத்தைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் அனுப்பிய அதிகாரி சிவப்பிரகாசம் வந்து இறங்கிய வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின. நெற்றி நிறைய விபூதி, நடுவில் குங்குமம், மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. செங்கொடிக்கு இருந்த கடைசி நம்பிக்கையும் போய்விட்டது. இந்த ஆள் பழக் கதையைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்வான், கோப்பை மூடுவான், நேரே கோயிலுக்குப் போவான் என்று நினைத்தாள். கிரிதரனும் அதையேதான் நினைத்தார் என்பது அவர் கொண்டுவரச் சொன்ன முந்திரிப் பக்கோடாவிலிருந்து தெரிந்தது.

சிவப்பிரகாசம் பக்கோடாவைத் தொடவில்லை. அவள் எழுதிக் கொடுத்ததை நிதானமாகப் படித்தார்.

"பழத்தை எடுக்கச் சொன்னது நீங்கதானாம்மா?"

"ஆமா சார்."

"அது இல்லாததால டயர் இறுகலை."

"ஆமா சார்."

"அப்போ பழம் நசுங்கினாத்தான் இறுகும். இது பேச்சுக்குச் சொல்றது இல்லையே? நெசமாவே அப்படியா?"

"நெசமாவே அப்படித்தான் சார். இப்பவே ஆய்வகத்துல செஞ்சு காட்டறேன்."

"காட்டலாம். ஒருதரம் வெச்சா போதுமா, இல்ல வண்டி எடுக்கற ஒவ்வொரு தரமும் வைக்கணுமா?"

செங்கொடி நிமிர்ந்து பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் இந்தக் கட்டடத்துக்குள் இவ்வளவு நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"ஒவ்வொரு தரமும் சார். நாலு சக்கரத்துக்கும்."

சம்யுக்தா குறுக்கே வந்தாள். "நம்ம பண்பாடு சார். கையேட்டுல முதல் பக்கத்துலயே போடப்போறோம்."

"இருங்கம்மா." சிவப்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றினார். "நான் விடிஞ்சா பூஜை பண்ணாம பச்சைத் தண்ணி குடிக்காதவன். பண்பாட்டை எனக்குச் சொல்லித் தர வேண்டாம். வண்டிக்குப் பழம் நசுக்கறது வாங்கற அன்னிக்கு. அப்புறம் ஆயுத பூஜைக்கு. ரொம்பத் தூரம் போறதா இருந்தா ஒருதரம். பால் வாங்கப் போறதுக்கு எவன் நசுக்குவான்? ஆபீஸ், பள்ளிக்கூடம், கடைன்னு நாலு எடத்துல நிறுத்தி எடுக்கறவன் பதினாறு பழம் வெச்சிக்கிட்டா அலைவான்? என் வண்டியில தொங்குதே, அதுவே வாடி வதங்கினப்புறம்தான் மாத்தறேன்."

அவர் கிரிதரன் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்குக் காலையில நீங்க வெச்சீங்களா?"

"சார்?"

"உங்க வண்டிக்குப் பழம் வெச்சீங்களான்னு கேட்டேன். தெரிஞ்சிருக்குமே உங்களுக்கு, வைக்கலைன்னா இறுகாதுன்னு."

கிரிதரன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் பக்கோடாவைப் பார்த்தாள்.

"என் வண்டியில வேற கம்பெனி டயர் சார்" என்றார் கிரிதரன்.

சிவப்பிரகாசம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு ஆய்வகத்துக்குப் போய் இரண்டு விதமாகவும் ஓடவிட்டுப் பார்த்தார். அங்கேயே நின்றபடி விற்பனையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டார். விற்ற டயர்களைக் கம்பெனி தன் செலவில் திரும்ப எடுக்க வேண்டும். டிரைவர் பிரேக்கைத் தொடவில்லை, குடித்திருக்கவும் இல்லை, அவர் மேல் குற்றமில்லை. பழத்தை அகற்றியவர் சோதனைப் பிரிவின் தலைவி. ஆனால் பழத்துக்குக் கட்டுப்பட்ட டயரைச் செய்து விற்றது கம்பெனி. எல்லாம் அவர் சொல்லச் சொல்லப் பதிவாயிற்று.

போகும்போது செங்கொடியிடம், "உங்களுக்கு இதுல நம்பிக்கை இல்ல போலிருக்கு" என்றார்.

"இல்ல சார்."

"அதனால பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். நம்பாத அவள் பழத்தைத் தூக்கி எறியச் சொன்னாள். நம்பாத கிரிதரன் அதை அச்சடித்து விற்கப் பார்த்தார். நம்புகிற ஒருவர் வந்து, அதை எப்போது வைப்பார்கள், எப்போது வைக்கமாட்டார்கள் என்று தெரிந்ததால், ஊரைக் காப்பாற்றிவிட்டுப் போனார். விபூதியைப் பார்த்ததுமே ஆளை எடைபோட்டுவிட்ட தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தபோது செங்கொடிக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே அவள் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒரு வேலையில் மட்டும் ஆதவன் டயர்ஸ் சுறுசுறுப்பாக இருந்தது.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். விபத்துக்குப் பிறகு அவள் அங்கே போவது அதுதான் முதல் தடவை. லூர்துசாமி தலையணையில் சாய்ந்து ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. மனைவி பிலோமினா மோர் வாங்கக் கீழே போயிருந்தாள்.

"கேஸை எடுத்துடறாங்க லூர்து. செலவு எல்லாம் கம்பெனி கொடுக்கும். உங்க மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சு."

"பிரேக் மிதிக்கலன்னு எழுதியாச்சா?"

"எழுதியாச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"குடிக்கலன்னு?"

"அதுவும்."

"ஏரியா பூரா குடிகாரன்னு சொல்ட்டானுங்க மேடம். என் பொண்டாட்டியே ஒருநாள், 'கொஞ்சம் போட்டிருந்தியா, உண்மையச் சொல்லு'ன்னு கேட்டா. அவளே கேட்டா." கையின் பின்புறத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப யார் மேலதான் தப்பு?"

"என் மேலன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"கம்பெனிக்கு. விசாரணையில அதிகாரி முன்னாடியும் ஒத்துக்கிட்டேன். எல்லாருக்கும் தெரியும்." அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றபடி தொடங்கினாள். "அந்த சிப் என்ன பண்ணியிருக்குன்னா லூர்து, நாம ஒவ்வொரு தடவையும்..."

"சிப் கதை வேணாம் மேடம்." அவர் கையை உயர்த்தினார். கோபமில்லாமல்தான் சொன்னார். "எல்லார் கைலயும் சொல்லிட்டீங்க. என் கைல இன்னும் சொல்லலையே."

வாயைத் திறந்தால் வெட்டுகிற மாதிரி பேசுவாள் என்று செங்கொடிக்குப் பெயர். இப்போது ஒரு வார்த்தைக்கு அவள் நாக்கு தடுமாறியது.

"தப்புதான் லூர்து. மன்னிச்சிடுங்க."

லூர்துசாமி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இருங்க, பிலோமினா வந்துடட்டும்" என்றார். "அவ முன்னாடி இன்னொரு தரம் சொல்லுங்க."

செங்கொடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.